கோலியாத் எத்தனை அடி? ஓர் ஆராய்ச்சி

ஆங்கில அகராதிகளில் கோலியாத் வெறும் ஆள் பெயர் இல்லை. கம்பெனியோ கால்பந்து அணியோ இயந்திரமோ, அளவுக்கு மீறிப் பெருத்த எதையும் அப்படி அழைக்கலாம். ஆனால் 'ஒரு கோலியாத்' என்றால் எத்தனை அடி என்று அகராதிகள் சொல்வதில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதல் ஆதாரம் விவிலியம். சாமுவேல் முதல் நூல், 17ஆம் அதிகாரம். ஏலா பள்ளத்தாக்கில் வந்து சவால் விட்ட காத் ஊர்ப் பெலிஸ்தியனின் உயரம் ஆறு முழம், ஒரு சாண். ஏறக்குறைய ஒன்பதே முக்கால் அடி. ஈட்டியின் இரும்பு முனை மட்டும் 600 சேக்கல் எடை. சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் கும்ரான் குகையில் கிடைத்த எபிரேயச் சுருளும் நாலு முழம் ஒரு சாண் என்கின்றன. அதாவது ஆறே முக்கால் அடி. கூடைப்பந்து அணியில் சேர்க்கலாம், அகராதியில் சேர்ப்பானேன்? முழம் என்பது அளப்பவர் கையைப் பொறுத்தது என்று பூக்காரம்மாவிடம் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அதற்காக மூன்று அடியா குறையும்?

உயிரியலாளர்கள் குழப்பத்தைக் கூட்டினார்கள். 1771-ல் லின்னேயஸ் இந்தப் பெயரை ஓர் ஆப்பிரிக்க வண்டுக்குச் சூட்டினார். மிஞ்சிப்போனால் 11 சென்டிமீட்டர். 1906-ல் கேமரூன் தவளைக்குக் கிடைத்தது; அது ஓர் அடியைச் சற்றே தாண்டும். தென் அமெரிக்காவில் 'கோலியாத் பறவைதின்னி' என்றொரு சிலந்தி, பெரும்பாலும் மண்புழு தின்று வாழ்கிறது. ஓரளவு மானம் காத்தது அட்லாண்டிக் களவா மீன் ஒன்றுதான். இரண்டரை மீட்டர்வரை வளரும் அது கும்ரான் கோலியாத்தைவிட நீளம்.

ஜெர்மானியர்களோ பெயரையே கேலி செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர்கள் கம்பி இணைப்பில் ஓட்டிய வெடிகுண்டு வண்டியின் பெயர் கோலியாத். நீளம் ஒன்றரை மீட்டர். உயரம் இடுப்பைக்கூட எட்டாது.

இனி கிரேன். டைட்டானிக்கைக் கட்டிய பெல்பாஸ்ட் கப்பல் தளத்தில் 1969-ல் 96 மீட்டர் உயரத்தில் கோலியாத் எழுந்தது. நியாயம் கிடைத்ததென்று நிமிர்வதற்குள் 1974-ல் பக்கத்திலேயே 106 மீட்டரில் இன்னொன்று வந்தது. அதற்கு விவிலியத்தின் இன்னொரு பலசாலியின் பெயர்: சிம்சோன்.

கோலியாத்தைக் கவண்கல்லால் ஜெயித்த தாவீதும் ஆங்கிலத்தில் பொருட்பெயர் ஆகியிருக்கிறார். கப்பல் ஓரத்தில் உயிர்காப்புப் படகை இறக்கும் சிறிய தூக்கிக்கு 'டேவிட்' என்று பெயர்; பழைய பிரெஞ்சில் அவர் பெயரின் செல்லவடிவம் அது. ஜெயித்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.