பானைக்கு முந்திய பொம்மை

செக் நாட்டின் தெற்கே, ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில், டோல்னி வெஸ்டோனிட்சே என்றொரு கிராமம். ஜனத்தொகை சுமார் 300. ஒரு பக்கம் பாலவா என்னும் சுண்ணாம்புக்கல் மலை, மறுபக்கம் டியே ஆறு, நடுவில் திராட்சைத் தோட்டமும் ஒயின் நிலவறைகளும். பூகோளம் இவ்வளவுதான். சரித்திரம்தான் கொஞ்சம் நீளம்: ஏறக்குறைய 30,000 ஆண்டு.

அது பனியுகம். மாமத் யானை உலவிய சீமை. மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்த மனிதர்கள் விட்டுப்போன யானை எலும்புகள் மலைமலையாகக் கிடைத்திருக்கின்றன. குப்பையை ஊர் ஓரத்தில் கொட்டுகிற வழக்கம் நேற்று வந்ததல்ல.

இவர்களிடம் சூளை இருந்தது. களிமண்ணைப் பிசையவும் சுடவும் தெரியும். சரி, சோறாக்கச் சட்டி செய்தார்களா என்றால், அதுதான் இல்லை. சிங்கத் தலை, கரடித் தலை, பெண் உருவம் என்று பொம்மையாகச் செய்து தள்ளினார்கள். பல பொம்மைகள் தீயில் வெடித்துச் சிதறியிருக்கின்றன. வேண்டுமென்றே வெடிக்க விட்டிருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர் சிலர் சொல்கிறார்கள். இந்த வட்டாரத்துக்குப் பானை வந்து சேர அதன்பிறகு 20,000 ஆண்டுக்கு மேல் ஆனது. கலைக்கு முதலிடம் கொடுத்த சமூகம் என்று புகழலாம். அடுப்படியில் நின்றவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பொம்மைகளில் ஒருத்திக்குத்தான் உலகப் புகழ். வெஸ்டோனிட்சே வீனஸ், உயரம் 11.1 சென்டிமீட்டர். காரெல் அப்சொலோன் நடத்திய அகழாய்வில், 1925 ஜூலை 13 அன்று, சாம்பலுக்குள் இரண்டு துண்டாகக் கிடைத்தாள். பெருத்த மார்பு, அகன்ற இடுப்பு, முகத்துக்குப் பதில் இரண்டு கீறல். இத்தனைக்கும் நெசவு தெரிந்த ஊர் அது. துணி பதிந்த தடம் களிமண் துண்டுகளில் இருக்கிறது. அம்மாளுக்கு மட்டும் அரை முழம் மிஞ்சவில்லை. உடம்பில் ஒரு சிறுபிள்ளையின் விரல் ரேகை வேறு. ‘ஈரம் காயுமுன் தொடாதே’ என்று யாரோ கத்தியிருக்க வேண்டும்; பிள்ளைகள் என்றைக்குக் கேட்டன?

பிற்பாடு ரோமானியப் படை வந்து, பக்கத்து முஷொவ் அருகே முகாம் போட்டு, வெந்நீர்க் குளியலறையும் கட்டி, சில வருஷத்தில் போய்விட்டது. முப்பதாண்டுப் போரில் வந்த ஸ்வீடன்காரர்கள் மலைமேல் இருந்த கோட்டையைக் கொளுத்தினார்கள். 1938இல் ஹிட்லர் இந்தப் பகுதியை விழுங்கியதும், ஹிம்லரின் ஆராய்ச்சிக் கழகம் மண்வெட்டியோடு வந்து இறங்கியது. மாமத் வேட்டைக்காரர்களையும் ஆரிய வம்சாவளியில் சேர்த்துவிடலாம் என்ற ஆசை. அகழ்ந்த பொருள்களில் பெரும்பகுதியை மிகுலொவ் கோட்டையில் பத்திரப்படுத்தினார்கள். அந்தப் பத்திரம் 1945 ஏப்ரலில் கோட்டையோடு எரிந்தது. போர் முடிந்ததும், தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த ஜெர்மன் மொழிக்காரர்களை மூட்டை கட்டவைத்து எல்லைக்கு வெளியே அனுப்பினார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அடுத்து வந்தவர்கள் பொறியாளர்கள். டியே ஆற்றை மறித்து மூன்று நீர்த்தேக்கம் கட்டியதில் முஷொவ் கிராமமே முழுகியது. தேவாலயம் மட்டும் தண்ணீர் நடுவே நிற்கிறது. டோல்னி வெஸ்டோனிட்சே தப்பித்தது. வாசலுக்கு ஏரி வந்தது லாபக் கணக்கு.

வீனஸ் அம்மாள் புர்னோ நகரில் மொராவிய அருங்காட்சியகத்தின் காவலில் இருக்கிறாள். கிராமத்தில் இருப்பது நகல். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிலவறைக்குள் இறங்கிவிடுவது உத்தமம். பீப்பாயில் இருப்பதாவது அசல்.