பத்துத் தடவைக்கு முன்பணம்

வாலே மக்கா, திண்ணையில உக்காரு. கையில என்ன ரசீது? அக்குபங்சரா? பத்துத் தடவைக்கும் சேத்து முன்பணமா? அடேயப்பா!

யாருக்கு, அம்மைக்கா? ஒடம்பு திடீர்னு தீயா எரியுது, ராத்திரி வேர்த்துத் தலகாணி நனையுதுன்னா அது மாதவிலக்கு நிக்கிற வயசுல வர்றதுதாம்லே. ஒங்க ஆச்சிக்கும் வந்துச்சு. மார்கழிப் பனியில முத்தத்துல பாயப் போட்டுப் படுத்தா. பேய் புடிச்சிட்டுன்னு வேப்பங்குழை ஒடிக்கப் போனவன் நான். அதனால என்னைய ரொம்பப் புத்திசாலின்னு நெனச்சிராத.

இந்த ஊசிக் கதையக் கேளு. 1971ல ஜேம்ஸ் ரெஸ்டன்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரரு சீனாவுக்குப் போன எடத்துல குடல்வால் ஆபரேசன். பொறவு வயித்து உப்புசத்துக்கு ஊசி குத்துனாங்க. மனுசன் அதையே எழுதிட்டாரு. அன்னைக்குப் புடிச்சது வெள்ளக்காரனுக்கு ஊசிப் பித்து. ஆனா வயித்த அறுக்கப் போட்டது இந்த ஊசி இல்ல, ஆசுபத்திரி மரமரப்பு மருந்துதான். அத யாரு ஞாபகம் வச்சிருக்கா?

ஆஸ்திரேலியாவுல அம்மை மாதிரி வெக்கை வந்த 327 பொம்பளையாளுவள வச்சு இந்த ஊசியச் சோதிச்சு, 2016ல முடிவச் சொன்னாங்க. எட்டு வாரம், அவங்களுக்கும் பத்துத் தடவதான். பாதிப் பேருக்கு நெசமாவே குத்துனாங்க. மிச்சப் பேருக்கு முனை மழுங்கின ஊசி. தோலத் தொடும், உள்ள போவாது. கட்டபொம்மன் நாடகத்து அட்டைவாள் கணக்கா. எந்தக் கூட்டத்துக்கு வெக்கை கொறஞ்சுதுன்னு நெனைக்க? ரெண்டுக்கும்தாம்லே! ஏறக்கொறைய 40 சதவீதம்.

அப்ப ஊசி என்னத்தக் கிழிச்சுது? நான் சொல்லுதேன் கேளு. அந்தப் பொம்பள அடுப்பங்கரைய விட்டுட்டுச் செத்த நேரம் படுத்தா. பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து, "எப்படிம்மா இருக்கு, ராத்திரி தூங்குனியா?"ன்னு கேட்டுது. நீ கடைசியா எப்பம்லே கேட்ட? ரொம்ப முடியலைன்னா பொம்பள டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. ஹார்மோன் மருந்து இருக்கு. எல்லாருக்கும் ஒத்துக்காது, அத அவங்க பாத்துச் சொல்லுவாங்க.

என்னது, பிரசருக்கும் சேத்துக் குத்துதானாமா? ஒண்ணு வாங்குனா ஒண்ணு இனாமா?

அது வேற சங்கதி, மக்கா. வெக்கை கொறஞ்சிருக்கான்னு அம்மைட்ட கேக்கணும். பிரசர எந்திரத்துட்டல்லா கேக்கணும்? அதுக்கு ஆறுதல் வார்த்தையெல்லாம் ஏறாது. அமெரிக்காவுல பிரசர் உள்ள 192 பேரப் பிரிச்சு, சில பேருக்கு நெச ஊசியும் மிச்சப் பேருக்குப் பொய் ஊசியும் குத்திப் பாத்தாங்க. 2006ல வந்த முடிவுல ரெண்டுக்கும் சொல்லிக்கிறாப்புல வித்தியாசம் இல்ல. 140க்கு 90 தாண்டி நிக்கிற பிரசரு தலைவலி கூடக் காட்டாம உள்ளுக்குள்ள வேல பாக்கும். "மாத்திரைய நிறுத்து"ன்னு அந்த ஆளு சொன்னானா? சொன்னான்னா செருப்பத் தேடிப் போட்டுட்டு வெளிய வந்துரு.

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ளதான் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒங்க வீட்டுல கருவாட்டுக் கொழம்பு, அதுக்குத் தொட்டுக்க நார்த்தங்கா ஊறுகா! ஊசிய எங்க குத்தச் சொல்லுத, பரணியிலயா?

சரி, மூஞ்சியத் தூக்காத. குடுத்த பணம் இனி வராது. போறதுன்னா போ, ஊசிய ஒன் கண்ணு முன்னால புதுசாப் பிரிக்கானான்னு மட்டும் பாத்துக்கோ. நாளைக்கு விடியக்காலம் அம்மையப் படுக்கச் சொல்லிட்டு நீ எந்திரிச்சுக் காப்பி போடு. குடுத்துட்டு, தூங்குனியான்னு கேளு. அது ஒண்ணாந்தடவ. இன்னும் ஒம்பது இருக்கு.