கைக்கெட்டும் திருகாணிக் கோட்பாடு: புல்லட் கார்புரேட்டர் குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

பழைய காஸ்ட் அயன் புல்லட்டில் ஏர் ஃபில்டரை மாற்றிய பிறகு கார்புரேட்டரை எப்படி ட்யூன் செய்வது என்ற பொருளில் நம் கல்விப்புலம் நெடுங்காலமாக மௌனம் காத்து வருகிறது. கருத்தரங்கம் இல்லை, பொன்னாடை இல்லை, வாய்மொழித் தேர்வும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த மெக்கானிக் கடை வாசலுக்குப் போனாலும் இத்துறை அறிஞர்கள் நாலு பேர் குந்தியிருப்பார்கள். டீ ஆறிப்போகும் வரை வாதம் நடக்கும். அந்த மரபைத் தொகுத்து நெறிப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகளை வணங்காமல் ஆய்வு தொடங்குவது மரபன்று. குழாய் ஒடுங்கும் இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்பதற்கான அடிப்படையை 1738-இல் பெர்னூலி எழுதி வைத்தார். 1797-இல் வெஞ்சூரி அதை விரித்துரைத்தார். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் ஒரு ஜெட்டை வைத்தால் கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் தானே மேலேறிக் காற்றோடு கலக்கும். கார்புரேட்டர் என்பது இவ்வளவுதான். இருவரும் புல்லட்டை ஒருமுறைகூட உதைத்துப் பார்க்காமலேயே காலமாகிவிட்டார்கள். அவர்களது கொள்கைகளில் காணப்படும் நிதானத்துக்கு இதுவே காரணம் என்று கருத இடமுண்டு.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாய் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். 1950-களில் சென்னையில் புல்லட் தயாரிக்கத் தொடங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும், வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் ஃபில்டரை வைத்து, அது எவ்வளவு காற்றைத் தடுக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தே ஜெட்டைப் பொருத்தினார்கள். அதாவது அந்தப் பெட்டியும் கார்புரேட்டரின் ஓர் உறுப்பே. இதை ஒரு வண்டிக்காரரிடம் சொல்லி ஏற்கவைத்த நிகழ்வு இவ்வாய்வில் பதிவாகவில்லை. அவர் சென்னை ஜி.பி. ரோட்டில் பளபளக்கும் கூம்பு ஃபில்டர் ஒன்றைப் பார்க்கிறார். கடைக்காரர், "வண்டி நல்லா மூச்சு விடும் சார்" என்கிறார். அன்று மாலையே பெட்டி கழற்றப்படுகிறது.

மூச்சு நன்றாகத்தான் விடுகிறது. பெட்ரோல்தான் அதற்கு ஈடு கொடுப்பதில்லை. தடை குறைந்ததால் காற்று அதிகம் நுழைகிறது, ஜெட்டின் மேலுள்ள உறிஞ்சல் குறைகிறது, கலவை வறண்டுபோகிறது. கிக்கரை உதைத்தால் திருப்பி உதைக்கிறது. த்ராட்டிலை விட்டதும் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கிறது. பிளக்கைக் கழற்றினால் காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை வெளுத்துக் கிடக்கிறது. வெடிச்சத்தத்தை மட்டும் சில வண்டிக்காரர்கள் கூடுதல் பயனாகக் கருதுகிறார்கள். அது தனி ஆய்வுக்குரியது, காவல்துறையின் ஆய்வுக்கும் உரியது.

இனி நம் மையக் கருதுகோள். கார்புரேட்டரில் வெளியிலிருந்து தொடக்கூடிய திருகாணிகள் இரண்டு. ஒன்று ஐட்லிங் ஸ்க்ரூ, மற்றது ஏர் ஸ்க்ரூ. உள்ளே இருப்பவை ஸ்லோ ஜெட், நீடில், மெயின் ஜெட். த்ராட்டில் மூடியிருக்கும்போதும் சற்றே திறக்கும்போதும்தான் ஏர் ஸ்க்ரூவுக்கும் ஸ்லோ ஜெட்டுக்கும் வேலை. கால் பங்கு தாண்டினால் நீடிலின் ஆட்சி. முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட்தான் எல்லாம். கூம்பு ஃபில்டரால் வரும் வறட்சி, காற்று அதிகமாகப் பாயும் வேகத்தில்தான் அதிகம் தெரியும், அதாவது மெயின் ஜெட்டின் எல்லைக்குள். ஆனாலும் ட்யூனிங் என்ற பெயரில் இங்கே திருகப்படுவது ஏர் ஸ்க்ரூ மட்டுமே. ஏன்? அது கைக்கு எட்டுகிறது. எட்டாத உறுப்பின் குற்றத்துக்கு எட்டும் உறுப்பைத் தண்டிப்பதே மனித இயல்பு. இதைக் 'கைக்கெட்டும் திருகாணிக் கோட்பாடு' என்று இங்கு முன்மொழிகிறோம். அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும் என்று சக ஆய்வாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். இடம் கருதி அதை விரிக்கவில்லை.

களத்தில் இது நிகழும் விதம் அழகானது. மெக்கானிக் காதை இன்ஜின் பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, ஸ்க்ரூடிரைவரைக் கால் சுற்று திருப்புகிறார். டப் டப் ஓசை ஒரு கணம் தடுமாறிச் சீராகிறது. "இப்ப பாருங்கண்ணே" என்கிறார். சுற்றியிருப்பவர்கள் கச்சேரியில் தலையாட்டுவதுபோல் ஆட்டுகிறார்கள். நின்ற இடத்தில் வண்டி தேனாய் ஓடுகிறது. பைபாஸ் ஏறி அறுபதைத் தொட்டதும் பழைய வெடி. மறுநாள் இன்னொரு கால் சுற்று. திருகி உள்ளே தள்ளினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும் என்பதில்கூட அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. மிக்கார்ப் வகைக் கார்புரேட்டரில் இக்கூற்றே சரி. மாற்றுக் கருத்தினர் வேறு கார்புரேட்டர்களில் பயின்றவர்கள்.

மெயின் ஜெட்டை அடைய அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். அதன் ஸ்க்ரூக்களின் தலை பல தலைமுறை ஆய்வாளர்களால் மழுங்கியிருக்கும். கழன்றதும் கையெல்லாம் பெட்ரோல். உள்ளே ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, நடுவில் கடுகு நுழையாத துளை. அதன்மேல் பொறித்த எண் பெரிதானால் துளையும் பெரிது. ஒரு படி பெரிய ஜெட்டைப் போட்டு ஓட்டிப் பார்த்து, முழு த்ராட்டிலில் இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெளுப்பு நீங்கும் வரை படிப்படியாக ஏற்ற வேண்டும். நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நடுவேகமும் சீராகும். ஏர் ஸ்க்ரூவின் முறை கடைசியில்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின், மெதுவாக முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து ஓசை உச்சம் தொடும் இடத்தைத் தேட வேண்டும். அழுத்தி மூடினால் கூர்முனை கெட்டுவிடும்.

ஜெட்டைத் தொடாமலேயே தீர்வு உண்டு என்று வாதிடும் ஊட்டிப் பள்ளியையும் குறிப்பிட வேண்டும். அவ்வூர் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் வறண்டு வெடித்த வண்டி அங்கே போனதும் பதமாக ஓடும். ஆகவே கூம்பு ஃபில்டர் போட்டவர் ஊட்டிக்குக் குடிபெயரலாம். ஒரு ஜெட்டின் விலையோடு ஒப்பிட்டால் வீட்டு வாடகை கட்டுப்படியாகாது என்பதே இப்பள்ளியின் மீதான எங்கள் ஒரே விமர்சனம். இத்தனையும் ஒற்றைக் கார்புரேட்டரின் பாடு; எஸ்கார்ட்ஸ் 1983-இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350-க்கு இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். அதைப் பற்றி எழுதும் துணிவு எங்களுக்கு இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. ஆய்வுக்களம் சுருங்கி வருகிறது. எனவே கூம்பு ஃபில்டர் வாங்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதே கடையில் இரண்டு பெரிய மெயின் ஜெட்டும் சேர்த்து வாங்குங்கள். கழற்றிய பழைய பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்தில் நீங்களே அதைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைவீர்கள்.