ஊருல பாத்துக்கிடுவோம்

அண்ணாச்சியின் இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஜனவரியில் வலிக்க ஆரம்பித்தது. ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தது ஜூன் 14-ஆம் தேதிக்கு.

“அஞ்சு மாசந்தானலே? ஊருல பாத்துக்கிடுவோம்” என்றார், முறுக்கை வலது பக்கம் ஒதுக்கிக் கடித்தபடி.

இந்த ஆளை உங்களுக்குத் தெரியும். டல்லாஸுக்கு வடக்கே நம்மவர்கள் குடியிருக்கும் தெரு ஒவ்வொன்றிலும் ஒருத்தர் உண்டு. நியூ ஜெர்சியில் கும்பகோணத்துக்காரராக இருப்பார். கலிபோர்னியாவில் பொள்ளாச்சிக்காரராக இருப்பார். என் பக்கத்து வீட்டுக்காரர் பாளையங்கோட்டைக்காரர் என்பதும், 2024-இல் அவருக்குப் பல் வலித்தது என்பதும் தற்செயல். நான் பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

அவருடைய செல்போனில் ‘ஊர்’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. மதினியின் சாம்பார்ப்பொடி அளவை எனக்கு அனுப்புவதாக நினைத்து ஒருநாள் அதை அனுப்பிவிட்டார்.

“1. கடைவாய்ப் பல்லு. 2. வலது முட்டு (மாடி ஏறும்போது மட்டும்). 3. கண்ணாடி ரெண்டு ஜோடி. 4. முதுகுல மரு. 5. மிக்ஸி ஜார் சின்னது, வாஷர் போச்சு. 6. காதுல ஙொய்னு சத்தம். 7. குக்கர் கைப்பிடி. 8. நெஞ்சு, எப்பவாவது.”

குக்கர் கைப்பிடிக்கு அடுத்துதான் நெஞ்சு. பதறிப்போய் ஓடினேன். “அது வாயுலே. ஞாபகம் வந்த வரிசையில எழுதுனது” என்றார். மிக்ஸி ஜாருக்கு என்ன மரியாதையோ அதேதான் முட்டுக்கும். வண்டி ஓடுவது டெக்சாஸில். சர்வீஸ் விடுவது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில்.

எதையும் ஊருக்குத் தள்ளிவைக்கும் இந்த மனிதர் தம் உடம்பையும் அதற்குப் பழக்கப் பார்க்கிறார். மே மாதம் வரும் வலிமேல் அவருக்கு மதிப்புண்டு. விவரமான வலி, நேரம் பார்த்து வந்திருக்கிறது என்பார். ஊரிலிருந்து திரும்பிய மறுவாரம் தலைகாட்டும் வலியைத்தான் அவரால் மன்னிக்க முடியாது. “அறிவுகெட்ட முட்டு. மூணு வாரம் ஊருல கல்லு மாதிரி இருந்துட்டு, இங்க வந்து எறங்குனதும் ஆரம்பிக்கு பாரு” என்று அதன் தலையில் ஒரு தட்டு வேறு தட்டுவார். பிறகு பதினொரு மாதம் அந்த முட்டு தைலத்தின் வாசனையோடு மாடிப்படி ஏறும்.

இங்கே வருஷத்துக்கு ஒருமுறை உடம்பை ஓசியில் பார்ப்பார்கள். நோய் வருமுன் காக்கும் பரிசோதனைகளுக்குக் கையிலிருந்து காசு கேட்கக்கூடாது என்று 2010-இல் ஒபாமா காலத்தில் வந்த சட்டத்தின் புண்ணியம். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓசிப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ‘இங்கே வலிக்கிறது’ என்று வாய் தவறிச் சொல்லி, டாக்டரும் அதைத் தனியாகக் கவனித்துவிட்டால், அது வேறு கணக்கு. தனி பில் வரலாம். அண்ணாச்சி இந்தப் பாடத்தை முதல் வருஷமே 180 டாலர் கொடுத்துப் படித்தார். அன்றிலிருந்து அந்த அறையில் அவர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்த சாட்சி மாதிரிதான் பதில் சொல்வார்.

ஏதாவது தொந்தரவு? இல்லை. தூக்கம்? நன்றாக வருகிறது. எங்காவது வலி? எங்குமில்லை. கன்னத்தில் ஏன் கை வைத்திருக்கிறீர்கள்? யோசனை.

“ஓசியில பாக்க டாக்டர்ட்ட நோவைச் சொல்லக்கூடாது, நோவு வந்தா டாக்டர்ட்டயே போவக்கூடாது. பின்ன என்னத்துக்கு இந்த ஊருல டாக்டரு?” என்று மதினி கேட்டார். பதில் இல்லை. யோசனையில் இருந்தார்.

பல்லுக்கு அவர் வைத்தியமே பார்க்கவில்லை என்று சொன்னால் பாவம். பிப்ரவரியில் ஒரு பல் டாக்டரிடம் போய் விலை மட்டும் கேட்டுவந்தார். ரூட் கேனாலும் கேப்பும் சேர்த்து 2,700 டாலர். வாசல் தாண்டுமுன் ரூபாயாக்கிவிட்டார்: 2 லட்சத்து 24 ஆயிரம். இந்த நாட்டில் பல்லும் கண்ணும் உடம்பில் சேர்த்தியில்லை. அவற்றுக்குத் தனி இன்சூரன்ஸ், தனி அட்டை. பல் இன்சூரன்ஸும் பெரும்பாலும் வருஷத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் டாலருக்குள் கையை விரித்துவிடும். அண்ணாச்சி அதையும் எடுக்கவில்லை. “நம்ம பல்லு இங்க விருந்தாளிலே. அதோட வீடு வண்ணார்பேட்டையில.”

விமானச் சீட்டு 1,600 டாலர் ஆகிறதே, அதையும் பல் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டிக்கெட் அம்மாவைப் பாக்க. பல்லு ஓசில வருது.”

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில், பிள்ளைகள் உள்ளே ‘அணில், ஆடு’ சொல்லிக்கொண்டிருக்க, கார் நிறுத்துமிடத்தில் அண்ணாச்சியின் வகுப்பு நடக்கும். கேட்டால் அசந்துபோவீர்கள். வேலைக்கும் இன்சூரன்ஸுக்கும் ஏன் முடிச்சுப் போட்டான் தெரியுமா? 1942-இல், யுத்த நேரத்தில், கூலியை ஏற்றக்கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் கட்டுப்போட்டது. ஆள் பிடிக்க வழியில்லாத கம்பெனிகள் கூலிக்குப் பதிலாக வைத்தியச் செலவைக் காட்டி இழுத்தன. 1954-இல் அதற்கு வரிவிலக்கும் சட்டத்தில் ஏறியது, அப்படியே ஒட்டிக்கொண்டது. “சண்டை ஹிட்லரோட. தண்டம் எனக்கு” என்று முடிப்பார். 2024-இல் கம்பெனி வழியாக ஒரு குடும்பத்துக்குக் கட்டும் பிரீமியம், முதலாளி பங்கும் தொழிலாளி பங்கும் சேர்த்து, சராசரியாக 25,572 டாலர் என்பதை ரயில் நம்பர் மாதிரி ஒப்பிப்பார். “இருபத்தோரு லட்சம்லே! நோவு வராததுக்கே!”

நாலு பேர் தலையாட்டியதும் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். “வேலூர் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சது யாரு? ஐடா ஸ்கடர் அம்மா. ராணிப்பேட்டையில பொறந்த அமெரிக்காக்காரி. இங்க டாக்டருக்குப் படிச்சு முடிச்சு 1900-ல எங்க போனாவ? வேலூருக்கு! படிச்ச அந்த அம்மாவே அங்கதான் வைத்தியம்னு போயிருக்காவ. நாம எதுக்குலே இங்க பாக்கணும்?”

இதற்கு இன்றுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்கு மதினி என் கதவைத் தட்டினார். அண்ணாச்சியின் இடது கன்னம் அச்சில் வார்த்த கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கண்வரை ஏறியிருந்தது. காய்ச்சல் வேறு. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தேன். வாய் திறக்க முடியாத மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். சொற்கள் கொழுக்கட்டைக்குள்ளிருந்து பூரணம் போலப் பிதுங்கி வந்தன. எதிர்பாராத பில்லுக்குத் தடை போட்டு 2022 ஜனவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்ததாம். வானத்தில் பறக்கும் ஆம்புலன்ஸுக்கு அது உண்டாம். ரோட்டில் போகும் ஆம்புலன்ஸுக்கு இல்லையாம். “ஹெலிகாப்டர்னா கூப்பிடு. இல்லைன்னா உன் கார எடு.”

என் காரை எடுத்தேன்.

எமர்ஜென்சியில் நர்ஸ் வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பித் தமிழில் விசாரித்தார்: “எட்டுன்னா ரேட்டு கூடுமாலே?” தெரியாது என்றேன். ஒரு கண் மூடியிருந்தது. மறு கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “நாலு” என்றார் அவளிடம்.

அப்போது சிரிப்பு வந்தது. பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, எமர்ஜென்சிக்குப் போய்வருவதை இங்கே 1 முதல் 5 வரை தரம் பிரித்துத்தான் பில் போடுகிறார்கள். நர்ஸ் கேட்ட வலி எண்ணுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் அவர் மூக்கில் ஏதோ வாடை பட்டிருக்கிறது.

விடியவிடிய உட்கார்ந்தோம். ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பில் மருந்து ஏற்றினார்கள். காலையில் மாத்திரை எழுதிக்கொடுத்து, ‘பல் டாக்டரைப் போய்ப் பாருங்கள்’ என்று அனுப்பினார்கள். பல்லை யாரும் தொடவில்லை. வாய்க்குள் அது சொகுசாக இருந்தது. நான் குளிக்காமல் ஆபீஸுக்குப் போனேன்.

முதலில் ஒரு கடிதம் வந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘இது பில் அல்ல’ என்று போட்டு, கீழே ஒரு பில்லில் இருக்கவேண்டிய எல்லாம் இருந்தது. அதன்பின் நிஜ பில்கள் வந்தன: ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, ஸ்கேன் படத்தை எங்கோ உட்கார்ந்து படித்தவருக்கு ஒன்று. போட்ட விலை 7,400 டாலர். இன்சூரன்ஸ் பேரம் பேசிக் குறைத்தது போக 2,860. முதல் 3,000 டாலர் நம் கையிலிருந்து போனபிறகுதான் அவர் இன்சூரன்ஸ் கண் திறக்கும். ஆக, முழுவதும் அவர் தலையில். பல்லையே வேரோடு சரிசெய்து கேப்பும் போட 2,700. பல்லைத் தொடாமல் இருந்ததற்கு 2,860.

‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்லத்தான் போனேன். கேலி பண்ண நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவர் அந்த மூன்று பில்களையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “தொகை இருக்கட்டும்லே. அன்னைக்கு ராத்திரி எவ்வளவு ஆகும்னு நாலு பேர்ட்ட கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியலையே” என்றார்.

உண்மை. கேட்டார். வாய் கோணிக்கொண்டு, எழுதிக் காட்டிக்கூடக் கேட்டார். பதிவு செய்த பெண் சிரித்தாள். இப்போது அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றாள். அடுத்த நிமிஷமே ஒரு தாளை நீட்டினாள்: இன்சூரன்ஸ் தராத தொகை எவ்வளவானாலும் நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட. வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து, விலை கேட்டு, முகம் சுளித்து, இரண்டடி நடந்து, திரும்பக் கூப்பிட்டால் வாங்கும் மனிதர், தொகை எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டார். 2021 முதல் ஆஸ்பத்திரிகள் தங்கள் விலையை இணையத்தில் வெளியிடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வெளியிட்டும் இருந்தார்கள். அண்ணாச்சி அதை இறக்கிப் பார்த்தார். முழுக்க முழுக்கக் குறியீட்டு எண்கள். அவருடைய லேப்டாப்புக்கே மூச்சு வாங்கியது. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் மனிதரால் தம் பல்லின் விலையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இதில் எனக்கு நகைச்சுவை எதுவும் தெரியவில்லை. விலை சொல்லாமல் விற்கிறவனை எங்கள் ஊரில் வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஜூலை முதல் வாரம் நானும் ஒரு கல்யாணத்துக்காகச் சங்கரன்கோவில் போயிருந்தேன். திருநெல்வேலியில் வேலை முடித்து, வண்ணார்பேட்டையில் அண்ணாச்சி பல்லைக் காட்டும் கிளினிக்கைத் தேடிப்போனேன். மாடியில் சின்ன இடம். வாய் திறக்குமுன்பே டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொடுத்திருந்தார்: ரூட் கேனால் 4,500, கேப் 6,000. அண்ணாச்சி அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி எடுத்துக் காட்டினார்.

உள்ளே கூப்பிட்டதும் எழுந்து போனார். பெஞ்சில் அவர் அம்மா. மடியில் வயர்கூடை, அதில் பிளாஸ்க், துண்டு, விபூதிப் பொட்டலம்.

“மூணு சிட்டிங்காம் ஐயா” என்றார். முகத்தில் பல்வலிக்குண்டான கவலை ஒரு பொட்டும் இல்லை. “மத்த நாளெல்லாம் கல்யாணம், கோயிலு, சிநேகிதன்னு காலையில போனா ராத்திரிதான். போன வருசம் மூணு வாரத்துல என்கூட உக்காந்து ஒருவேளை சாப்பிடல. இந்தப் பல்லு புண்ணியத்துல மூணு நாளா எம்பக்கத்துலயே உக்காந்திருக்கான். சின்னப்பிள்ளையில ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட இப்படித்தான், எம் முந்தானையைப் புடிச்சிட்டு இருப்பான்.”

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் ஒரு சின்ன எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். “கீழ்ப்பல் முடிஞ்சிட்டு. மேல ஒண்ணுல லேசா சொத்தை ஆரம்பிச்சிருக்கு. எண்ணூறு ரூவாதான். இப்பவே அடைச்சிரலாமா?”

அண்ணாச்சி உடனே மறுபடி வாயைத் திறந்தார். திரும்பி நடக்கப்போனவரின் சட்டையை அம்மா பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

“ஏ ஐயா, எல்லாத்தையும் இப்பவே முடிச்சிராத. அது ஒண்ணு கெடக்கட்டும். அடுத்த வருசம் ஊருல பாத்துக்கிடுவோம்.”

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார்.