12 ரூபாய் உதைக்குது

இரவு ஒன்பதரை மணி. கழுவிய தட்டுகளில் ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் கணக்குப்பிள்ளை டைரியைப் பிரித்துவிட்டார். ஜவுளிக்கடையில் ஓசியில் வாங்கிய டைரி. பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி.

"ஏம்மா, கொத்தமல்லி பத்தா பதினைஞ்சா?"

சமையலறையிலிருந்து பதில் வரச் சற்றுத் தாமதமாகும். "பதினைஞ்சு."

"கறிவேப்பிலை கொசுறுதானே?"

ஊர்க் கணக்குப்பிள்ளைப் பதவியைத் தமிழக அரசு 1980ஆம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டது. வீட்டுக் கணக்குப்பிள்ளைகளை ஒழிக்கும் சட்டம்தான் இன்னும் வரவில்லை. பால், பூ, ஆட்டோ, இஸ்திரி என்று வரிசையாக எழுதுவார். சட்டைப்பையைக் கவிழ்த்துச் சில்லறையை எண்ணுவார். ஜிபேயில் போனதை விரலால் உருட்டிப் பார்ப்பார். கூட்டுவார், கழிப்பார், மறுபடி கூட்டுவார். பிறகு அந்தத் தீர்ப்பு வரும்:

"12 ரூபாய் உதைக்குதே!"

இனி அந்த வீட்டில் யாரும் கண்ணை மூட முடியாது. பையனிடம் விசாரணை: சாயங்காலம் டீ குடித்தாயா, யார் காசு? அழுக்குக்கூடைக்குப் போன சட்டை வெளியே வரும். கட்டிலுக்கடியில் டார்ச் வெளிச்சம் பாயும். ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டு, "தம்பி, பாக்கிச் சில்லறைக்குப் பதிலா மிட்டாய் எதுவும் கொடுத்தீங்களா?" என்று கேட்டவர் இவர். மிட்டாய் கொடுத்திருந்தால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் அவருக்கு இன்றுவரை தெளிவில்லை.

அவர் மனைவிக்குக் காலையில் ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடுகு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு, "இந்தாங்க, கிரைண்டருக்கு அடியில கிடந்துச்சு" என்று 12 ரூபாயைக் கொண்டுவந்து நீட்டுவார். கணக்கு நேராகிவிடும். கணக்குப்பிள்ளை முகத்தில் வெற்றி. "பாத்தியா? கணக்குன்னு ஒண்ணு எழுதுனாத்தான் காசு எங்க போச்சுன்னு தெரியும்!"

கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது சிறுவாடு. அந்தச் சிறுவாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதினைந்து ரூபாய்க் கொத்தமல்லியின் உண்மை விலை பத்து. டைரியின் பற்றாக்குறையை டைரியே தன்னையறியாமல் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

இந்த டைரிக் கணக்குக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பட்ஜெட். புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் ஆசீர்வாதம் வாங்க வந்தால் ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் பாடம் நடக்கும். உண்மையில் சம்பளம் வந்த அன்றைக்கே இது வாடகைக்கு, இது சேமிப்புக்கு, மிச்சம்தான் செலவுக்கு என்று பிரித்துவைப்பதற்குப் பெயர்தான் பட்ஜெட். இவர் எழுதுவது போன பணத்துக்குப் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்.

அதிலும் சில்லறைப் பிணங்களுக்குத்தான் பரிசோதனை. மகளுக்கு 3 பவுன் சங்கிலி எடுத்தபோது சேதாரம் 12 சதவீதம் போட்டார்கள். 24 கிராமுக்கு 2.88 கிராம், கழுத்தில் ஏறாத தங்கத்துக்கும் தங்க விலை. அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. கணக்குப்பிள்ளை வாயே திறக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த ரோஸ்மில்க்கைக் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைய டைரியில் "நகை" என்று ஒரே வரி. அதற்குக் கீழே "பார்க்கிங் 20". பார்க்கிங்குக்கு மட்டும் ரசீது ஒட்டியிருக்கிறது.

கிரெடிட் கார்டும் அப்படித்தான். 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினார். மினிமம் டியூ 2,000 என்று பில் வந்தது. கட்டினார், டைரியில் டிக் அடித்தார். மீதி 38,000 ரூபாய்க்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் 1,330. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஏறக்குறைய 1,570. கட்டிய இரண்டாயிரத்தில் கடனில் கழிந்தது நானூற்றுச் சொச்சம். பாக்கி இருக்கும்வரை அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். இதெல்லாம் உதைக்கவே இல்லை. ஏனென்றால் கூட்டல் சரியாக வருகிறது.

மின்சாரத்தில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டோடு போகாது, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ரீடிங் எடுக்கும் வாரத்தில் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகாதீர்கள். ஃபேன் ஓடாது.

பரண்மேல் பழைய டைரிகள் அடுக்காக இருக்கின்றன. மகள் பிறந்த அன்றைய பக்கத்தை ஒருநாள் மகளே எடுத்துப் பார்த்தாள். "ஆட்டோ 15. ஃபிளாஸ்க் 60. சாக்லேட் 40. பெண் குழந்தை". கடைசி வரிக்கு நேரே ரூபாய்க் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அன்று அவர் கூட்டல் போடவில்லை. முப்பது வருஷத்தில் கூட்டாமல் விட்ட பக்கம் அது ஒன்றுதான்.

அந்த மனிதரிடம் கோபப்படவும் முடியவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கோபப்பட்டே ஆக வேண்டும். அவருடைய வைப்புநிதிக்கு நாமினி அவர் அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. அம்மா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. காரியச் செலவு பைசா சுத்தமாக டைரியில் இருக்கிறது. எந்த வங்கியில் எவ்வளவு, பாலிசிப் பத்திரம் எந்த அலமாரியில் என்று கொத்தமல்லி விலை சொல்லும் மனைவிக்குத் தெரியாது. தினமும் கணக்குக் கேட்கிறவர் ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை. பத்து வருஷம் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். பிறகு கேட்டு வாங்கலாம். ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பது வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேரைக்கூட நாமினியாகப் போடலாம். எனவே, கணக்குப்பிள்ளைகளே, இன்று இரவு 12 ரூபாய் உதைத்தால் உதைத்துவிட்டுப் போகட்டும். நாளைக் காலை மனைவியையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், நாமினி யார் என்று கேட்டு மாற்றிவிட்டு வாருங்கள். ஆட்டோச் செலவை எழுதிக்கொள்ளலாம்.