பெட்டியும் பெட்டியும்

நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்று ஒரு தர்க்கப் பண்டிதர் நடுத்தெருவில் நின்று யோசித்தார் என்றும், ஐயந்தீரத் தொன்னையைக் கவிழ்த்துப் பார்த்து நெய்யை இழந்தார் என்றும் சிறுவயதில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். பண்டிதரின் கேள்வியில் குற்றமில்லை, அவர் பிறந்த தேசத்தில்தான் குற்றம் என்பது, அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்துச் சிற்றூரொன்றில் விளையாட்டு ரயில் சேகரிப்போர் கூடும் சந்தையிலே ஒரு சனிக்கிழமைப் பொழுதைக் கழித்த பிறகு எனக்கு விளங்கிற்று. அங்கே நெய்யைக் கொட்டிவிட்டுத் தொன்னையைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போகிறவரே விவேகி.

ஆராய்ச்சிக்குள் புகுமுன் சொற்பொருளை வரையறுத்துக்கொள்வது மரபு. தமிழில் ரயிலின் அங்கத்துக்கும் பெட்டி என்றே பெயர். அந்த அங்கத்தை அடைத்து விற்கிற அட்டைக்கூட்டுக்கும் பெட்டி என்றே பெயர். மயக்கம் நேராதிருக்கும் பொருட்டு முன்னதை வண்டிப்பெட்டி என்றும் பின்னதை அட்டைப்பெட்டி என்றும் வழங்குவேன். எனினும், போகப் போக இந்தப் பேதம் தானே கரைந்துவிடும் என்பதும், நம் முன்னோர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது சொற்பஞ்சத்தால் அன்று, தீர்க்கதரிசனத்தால் என்பதுமே இக்கட்டுரையின் சித்தாந்தம்.

முதலில் உற்பத்திக் காண்டம். 1900-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர், மூடியில்லாத ஒரு மரப்பெட்டிக்கு அடியிலே சக்கரமும் சிறு மோட்டாரும் பொருத்தி, வட்டமான தண்டவாளத்தின்மேல் மின்கலத்தின் பலத்தால் ஓடவிட்டார். குழந்தைகள் விளையாடுவதற்காக அல்ல. கடைக்காரர் தம் கண்ணாடி ஜன்னலில் சரக்கை அதில் ஏற்றிச் சுற்றவிட்டால் வழிப்போக்கர் நின்று பார்ப்பார்கள் என்பதற்காக. நின்று பார்த்தவர்கள் பெட்டிக்குள் இருந்த சரக்கை விட்டுவிட்டுப் பெட்டியை விலைக்குக் கேட்டார்கள் என்பது ஐதிகம். ஆகவே, அவர் நிறுவிய லயனல் கம்பெனியின் முதல் ரயிலே ஒரு பெட்டிதான் என்பதும், பிறந்த நாள் முதலே உள்ளடக்கத்தைக் காட்டிலும் பெட்டிக்கே கிராக்கி இருந்தது என்பதும் இந்தச் சாஸ்திரத்தின் முதற் பிரமாணங்கள். அதே கோவன் 1906-இல், இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றே குறைவான ஓர் அகலத்தில், வேறு எந்தக் கம்பெனியின் வண்டியும் பொருந்தாத தண்டவாளம் ஒன்றைச் செய்து, அதற்கு ‘ஸ்டாண்டர்ட்’ என்று பெயர் சூட்டினார். பிரமாணம் என்றால் என்ன என்பதில் அவருக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது.

இனிச் சம்பிரதாயக் காண்டம். 1954-இல் பென்ஸில்வேனியாவின் யார்ட்லி என்னும் ஊரில், ஒரு பண்ணைக் கொட்டகையிலே கூடிய சில அன்பர்கள் ரயில் சேகரிப்போர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அச்சங்கத்தின் கிழக்குப் பிரிவு ஏப்ரலிலும் அக்டோபரிலும் யார்க் நகரக் கண்காட்சித் திடலில் கூட்டும் சந்தை, இத்துறையில் நம்மவர்க்குக் கும்பகோணத்து மகாமகம் எப்படியோ அப்படி; வித்தியாசம், அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இது ஆண்டுக்கு இருமுறை. மண்டபங்களுக்கு ஆரஞ்சு, ஊதா, வெள்ளி என்று நிறங்களாலேயே பெயர். சந்தை தொடங்கும் முன்பே சுற்றுவட்டாரத்து விடுதிகளின் வாகன நிறுத்தங்களில், காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்கும் முன்வியாபாரம் ஒன்று உண்டு. அதற்குக் ‘கொள்ளையர் கூட்டம்’ என்று அவர்களே வைத்துக்கொண்ட பெயர் வழங்குகிறது. தம்மைத் தாமே இவ்வளவு நேர்மையாக வருணித்துக்கொள்ளும் வியாபாரிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் போனது அந்த மகாமகம் அன்று. தீயணைப்புத் தொண்டர் நிலையத்தின் கூடத்தில் நடந்த சிறு சந்தை. என் சகோதரி மகன் அந்தப் பக்கத்தில் உத்தியோகம் பார்க்கிறான். மேசையொன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். “ஒத்தாசைக்கு வாங்க மாமா, நீங்க சும்மா உட்கார்ந்திருந்தா போதும்” என்றான். சும்மா உட்கார்ந்திருப்பதில் எனக்குள்ள நெடிய அனுபவம் அன்று வீண்போகவில்லை. வாசல் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆனால் விற்க வந்தவர்கள் தத்தம் சரக்கைப் பரப்பாமல், அடுத்தவர் அவிழ்க்கும் மூட்டையைச் சுற்றி நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொதுமக்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வருவதற்குள் உத்தமமான சரக்கெல்லாம் மேசை மாறிவிட்டது.

எதிர்வரிசையில் ஒரு மேசைக்காரர் தம் சரக்கின்மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டுப் பிற மேசைகளைத் தரிசிக்கப் போயிருந்தார். துணிக்கு மேலே எஞ்சினின் புகைப்போக்கி ஒரு மேடாகவும், பாலம் ஒரு வளைவாகவும் தெரிந்தன. திரை போட்ட சந்நிதிக்கு முன்னே நைவேத்தியம் முடியக் காத்திருப்பவர்களைப்போல நாலைந்து பேர் அங்கே கைகட்டி நின்றார்கள். திறந்து கிடந்த மேசைகளின்முன் அவ்வளவு கூட்டம் இல்லை. திரையை ஒருவரும் தொடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்வது என் கடமை.

வாங்குகிறவர் பரீட்சை செய்யும் முறையைச் சற்றே விரிவாகச் சொல்ல வேண்டும். எஞ்சினை எடுத்ததும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கவிழ்க்கிறார். சக்கரத்தின் விளிம்பில் கறுப்பு தேய்ந்து வெள்ளி வளையம் தெரிகிறதா என்று நோக்குகிறார். நடுத்தண்டவாளத்திலிருந்து மின்சாரம் வாங்கும் சிறு உருளையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் தடவுகிறார். திருகாணியின் தலைப்பள்ளம் சிதைந்திருக்கிறதா என்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்க்கிறார். இவையாவும் அந்த எஞ்சின் என்றேனும் ஓடியதா என்று கண்டுபிடிக்கும் உபாயங்கள். ஓடியிருந்தால் குற்றம், பல ஆண்டு ஓடியிருந்தால் மகாபாதகம். இதை அறியாத நான் ஒரு பெரியவரிடம், “ஓட்டிப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் எஞ்சினை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

பின்னர்தான் மருமகன் எனக்குச் சங்கத்தாரின் தர நிர்ணயத்தை உபதேசித்தான். உச்சியில் இருப்பது ‘மின்ட்’: கைபடாதது, உபயோகிக்கப்படாதது, தன் அட்டைப்பெட்டியோடு கூடியது. அதன்கீழே ‘லைக் நியூ’, ‘எக்ஸலன்ட்’, ‘வெரி குட்’ எனப் படிகள் இறங்குகின்றன. ‘குட்’ என்ற படிக்கு வந்தால், கீறலும் சிறு நசுங்கலும் அழுக்கும் உடையது என்பது இலக்கணம். ஒரு பாஷையில் ‘நல்லது’ என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் வருவதற்கு அந்த ஜனங்கள் எவ்வளவு சந்தைகளைக் கண்டிருக்க வேண்டும்! இந்தப் படிகளை நோக்குமிடத்து, விளையாட்டுச் சாமானின் மதிப்பு அது குழந்தைக்கு அளித்த ஆனந்தத்துக்கு நேர்விரோதமான விகிதத்தில் ஏறுகிறது என்னும் சூத்திரம் தானே பெறப்படும்.

இச்சூத்திரத்துக்குத் திருஷ்டாந்தம் 1957-இல் லயனல் கம்பெனி பெண்குழந்தைகளுக்கென்று வெளியிட்ட ரயில். எஞ்சின் ரோஜா நிறம், பிறவற்றில் பல வெளிர்மஞ்சள், இளஊதா, ஆகாயநீலம். ரயில் என்றால் ரயிலைப்போல இருக்க வேண்டும் என்று அச்சிறுமிகள் கருதினார்கள்போலும், அது விற்கவில்லை. எந்தக் குழந்தையும் விரும்பாத காரணத்தால் அது அரிதாயிற்று; அரிதானதால் இன்று கிழவர்கள் அதற்குப் போட்டியிடுகிறார்கள். சாதாரணக் கறுப்பு எஞ்சினுக்கு ரோஜாச் சாயம் பூசி ஏமாற்றுகிற போலிகளும் கிளம்பிவிட்டன. இதற்கு மாறாக, 1934-இல் ஒரு டாலருக்கு விற்ற மிக்கி மவுஸ் கைவண்டியை இரண்டரை லட்சம் வீடுகள் வாங்கின. குழந்தைகள் ஆசைதீர ஓட்டினார்கள். அதில் வண்டி கிடைக்கும். முழுசான அட்டைப்பெட்டியோடு கிடைப்பதுதான் துர்லபம்.

அட்டைப்பெட்டி என்ற மாத்திரத்தில் நாம் கர்ப்பக்கிருகத்துக்கு வந்துவிட்டோம். ஆரஞ்சும் நீலமுமான அந்த ஐம்பதுகளின் அட்டைப்பெட்டிக்குத் தனி மேசை, தனி விலை, தனிப் பரீட்சை. இரு முனைகளிலும் உள்ள மடிப்புகளை விரித்து எண்ணுகிறார்கள். ஒன்று கிழிந்திருந்தால் விலை சரிகிறது. புதிதாக அச்சடித்த போலிப் பெட்டிகள் உலவுவதால், புறஊதாக்கதிர் விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள். இக்காலத்துக் காகிதம் அதில் பளீரென்று ஒளிரும், பழைய அட்டை மங்கிக் கிடக்கும். காலியான அட்டைப்பெட்டி தனக்குரிய வண்டிப்பெட்டியைவிட அதிக விலைக்குப் போவதை நான் கண்ணாரக் கண்டேன்.

உள்ளிருப்பதல்லவா நித்தியம், மேலுறை அநித்தியமல்லவா என்று வேதாந்தியர் ஆட்சேபிக்கலாம். அவர்கள் துத்தநாகப் பிணியை அறியாதவர்கள். இரண்டாம் உலகப்போருக்கு முந்திய வார்ப்புகள் சிலவற்றில், துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிது கலந்துவிட்ட குற்றத்தால், உலோகம் தானாகவே வீங்கி, வெடித்து, உதிர்ந்துவிடுகிறது. அதற்கு யாரும் ஓட்ட வேண்டியதில்லை, தொடவும் வேண்டியதில்லை. மேசைக்காரர் ஒருவர் அப்படியொரு பெட்டியைத் திறந்து காட்டினார்: மடிப்புக் குலையாத அட்டை, உள்ளே காகிதம் சுற்றியபடி சாம்பல்நிறத் துண்டங்கள். அட்டை ‘எக்ஸலன்ட்’ தரம் என்றார். பூர்வபட்சம் அத்துடன் அடங்கிற்று.

பொருளாதாரத்தைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. மருமகன் ஒன்பது உருப்படிகளைக் கொண்டுவந்தான், மூன்றை விற்றான், ஏழை வாங்கினான். வீட்டில் இடம் இல்லாததால் விற்கத்தான் அவன் மேசை எடுத்திருந்தான். அவனிடம் வாங்கியவர்கள் இருவர் பக்கத்து மேசைக்காரர்கள். அவர்களும் வீட்டில் இடமில்லாதவர்களே. பிற்பகல் ஒரு மணிக்கே மேசைகள் கட்டப்படலாயின. இரண்டு மணிவரை சந்தை என்று வாசலில் எழுதியிருந்தது.

புறப்படும் தறுவாயில் நானும் ஒன்று வாங்கினேன். 1953-இல் வந்த 6464-75 என்ற எண்ணுள்ள ராக் ஐலண்ட் வண்டிக்குரிய அட்டைப்பெட்டி. மடிப்புகள் அத்தனையும் உள்ளன. 22 டாலர் சொன்னார்; 18-க்கு முடித்தேன். “உள்ளே என்ன?” என்று வழக்கம்போலக் கேட்டு வைத்தேன். அந்த மேசைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “உள்ளே இருந்திருந்தால் இதைத் தனியாக உமக்கு விற்றிருப்பேனா?” என்றார்.

அது இப்போது என் எழுதுமேசைமேல், அகராதிக்கு அருகில் இருக்கிறது. வாசகர்களில் எவரிடமேனும், அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்து, பரணில் கிடக்கிற அந்தப் பச்சை வண்டிப்பெட்டி இருக்குமாயின் எனக்கு ஒரு வரி எழுத வேண்டுகிறேன். ஓடுகிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. ஓட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும்.