பட்டன் இல்லாத நைட் பேனல்

சுவீடனின் சாப் கம்பெனி 1937-இல் தொடங்கப்பட்டது போர் விமானம் செய்வதற்காக. அந்த மிடுக்கு காருக்கும் வந்தது: ‘நைட் பேனல்’ பட்டனை அமுக்கினால் ஸ்பீடோமீட்டர் தவிர டேஷ்போர்டில் அநேகமாக எல்லாமே அணைந்துவிடும். இரவில் கண்ணுக்கு ஓய்வாம்.

வண்டிக்கு வயதானால் பட்டனே தேவையில்லை. 1997-இல் வந்த 9-5 மாடலில் ஏசி டிஸ்ப்ளேவையும் சர்க்யூட் போர்டையும் இணைப்பது ஒட்டவைத்த ஒரு ரிப்பன் கேபிள். வருடக்கணக்கில் சூடுபட்டு ஒட்டு விட்டுப்போக, எண்கள் கோடுகோடாக உதிரும். 21 டிகிரியா 27-ஆ என்பது அவரவர் ஊகம். பல்புதான் போயிருக்கும் என்று புதிது போட்டால், இல்லாத எண் இன்னும் பளிச்சென்று தெரியும்.

கவலை வேண்டாம், ஏசி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஆட்டோ, ஆஃப் இரண்டையும் சேர்த்து அமுக்கினால் எத்தனை கோளாறு என்று எண்ணிச் சொல்லிவிடும்.

எங்கே? அதே டிஸ்ப்ளேயில்.

கம்பெனியிடம் முறையிடலாமென்றால், கார் தயாரித்த சாப் 2011 டிசம்பரில் திவாலாகிவிட்டது. மாற்று ரிப்பன் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதை மில்லிமீட்டர் பிசகாமல் சூடுகாட்டி ஒட்ட, நடுங்காத கையை உரிமையாளரே தேடிக்கொள்ள வேண்டும்.